இடது கைக் குச்சி

அஸீஸ் நானாவின் ஸ்டுடியோவில் பாட்டுப் பதிந்தால் ஆள் பக்கத்தில் நின்று பாடுவது போல இருக்கும் என்று பதுளையில் ஒரு பேச்சு இருந்தது. கடைத்தெருவில் ஜுனைதீனின் தேத்தண்ணிக் கடைக்கு மேல்மாடி. முன்னறை ஸ்டுடியோ, பின்னறை இரண்டும் வீடு, நடுவில் ஒரு கதவு, கதவுக்கு ஒரு பச்சைத் திரை. இருபத்தைந்து வருஷமாக அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அஸீஸும் அதை நம்பியிருந்தார். அதில் பிழை சொல்ல முடியாது. ஊரே ஒன்றைச் சொன்னால் உடையவன் எப்படி நம்பாமல் இருப்பான்?

அந்தப் பேச்சு இந்த இரண்டு வருஷத்தில் மெல்லத் தேய்ந்துவிட்டது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பண்டாரவளையிலிருந்து வந்துகொண்டிருந்த கல்யாணப் பாட்டுக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கோவில் பாட்டுப் பதிகிறவர்கள் வழியில் கண்டால் சுகம் விசாரித்தார்கள், வேலை பற்றி வாய் திறக்கவில்லை. மிஞ்சியது லொத்தர் சீட்டு விற்கிற வண்டியின் அறிவிப்பும் புடைவைக் கடை விளம்பரமும்தான். காலம் கெட்டுப்போச்சு, எல்லாருக்கும் கொழும்பு மோகம் என்று அஸீஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தனக்குத்தான் சொல்ல முடிந்தது, ஏனென்றால் வீட்டில் வேறு ஆள் இல்லை.

மனைவி ஸைனப் மொனராகலையில் மகள் ஷாகிராவோடு இருந்தாள். ஷாகிராவின் பிள்ளைப்பேற்றுக்கென்று நாற்பது நாள் கணக்குச் சொல்லிப் போனவள். பிள்ளை இப்போது ஓடித் திரிகிறது, ஸைனப் வரவில்லை. சண்டை என்று ஒன்றும் இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுவார்கள். பிரஷர் மாத்திரை போட்டீங்களா, அடுப்புக் கேஸ் முடிஞ்சிச்சா, சரி வைக்கிறேன். இவ்வளவுதான் பேச்சு. பேரப்பிள்ளை மேல் உள்ள ஆசை, அதுதான் நிற்கிறாள் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்னார். அவர் சமைத்த சோறு ஒன்று குழையும், இல்லாவிட்டால் விதையாக நிற்கும். ஆறிய சோற்றைத் தனியாக உட்கார்ந்து தின்னும்போது மட்டும் அந்தப் பேரப்பிள்ளைக் காரணம் தொண்டைக்குள் இறங்காது.

இப்படியிருந்த நாளில்தான் நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நிஷாந்த் வந்தான். தோட்டப் பாடசாலையில் கணக்கு வாத்தியார், கிட்டார் வாசிப்பான். அவனும் கொழுந்து எடுக்கிற விஜயலெட்சுமியும் தப்பு மேளம் அடிக்கிற இராசையாவும் சேர்ந்து ஒரு பாட்டுச் செய்திருந்தார்கள். தோட்டத்துப் பாட்டு, அதற்குக் கிட்டாரும் தப்பும். பிள்ளைக் காம்பராவில், கொழுந்துக்காரிகளின் குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்க்கிற அந்த மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக்குகளை வைத்துத் தாங்களே பதிந்து பென் ட்ரைவில் கொண்டுவந்திருந்தான். மிக்ஸ் பண்ணித் தந்தால் போதும் என்றான்.

"கொழும்புல குடுத்தா மினுக்கிருவாங்க நானா. எங்களுக்கு அது வேணாம். அந்த எடத்துல நின்னு கேக்குற மாதிரி இருக்கணும். சின்னதுல உங்க கேசட் கேட்டிருக்கேன், அது மாதிரி."

அஸீஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த முதல் பாட்டு. இது நன்றாக வந்தால் பழைய பெயர் நிற்கும். வராவிட்டால் இனி லொத்தர் வண்டிதான், அது அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்குத் தோட்டத்தில் போட்டுக் காட்டுவோம் என்று வாக்குக் கொடுத்தார்.

வேலையை அவர் கைக்குத் தெரிந்த விதத்தில் தொடங்கினார். எக்கோ என்று ஒன்றுமே போடவில்லை. மண்டபத்துக்கு உள்ளே இருந்த கொஞ்ச முழக்கம் போதும். பாடுகிறவள் மூச்சு வாங்குகிற இடங்களை வெட்டவில்லை. கிட்டாரை இடப்பக்கம், தப்பை வலப்பக்கம், குரலை நடுவில் வைத்தார், அன்றைக்கு அவர்கள் நின்றதாக நிஷாந்த் சொன்ன ஒழுங்கில். விஜயலெட்சுமியின் குரல் கனமான குரல். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது, கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போய்த் திரும்பி வராத புருஷனின் பெயர் மட்டும் கூப்பிடப்படாமல் போகிற பாட்டு அது.

பெரட்டுக்குப் போகையிலே பேரெல்லாம் கூப்பிட்டாக
ஒம்பேரு கூப்பிடல ஊமையா நின்னேனய்யா

எல்லாம் சரியாக இருந்தது, ஒன்றைத் தவிர. மேலே ஒரு மூடாக்கு. குரலில் ச, ஸ வருகிற இடங்கள் மழுங்கிக் கிடந்தன. தப்பில் வலது கைக் கட்டைக் குச்சியின் அடி கேட்டது, இடது கை மெல்லிய குச்சியின் சத்தம் இருந்தும் இல்லாததுமாக இருந்தது. மைக் சரியில்லை என்று அஸீஸ் முடிவு கட்டினார். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். ஆனால் அது அவருக்கு அப்போது தெரியாது. மேல் சத்தத்தை, அதாவது ட்ரெபிளை, கூட்டினார். கொஞ்சம் திறந்தது. இன்னும் கூட்டினார். இப்போது பாட்டுக்கு ஜன்னல் திறந்தது போல இருந்தது. சந்தோஷமாக வட்ஸ்அப்பில் அனுப்பினார்.

அரை நாள் கழித்துப் பதில் வந்தது. நல்லா இருக்கு நானா, ஆனா கொஞ்சம் கூசுற மாதிரி இருக்கு.

ஃபோனில் கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்று எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பக் கேட்டார். கூசவில்லை. கேட்கக் கேட்க இன்னும் கொஞ்சம் மழுங்கல் இருப்பதாகவே பட்டது. ஸ்பீக்கர் பழசாகிவிட்டதோ என்று அதன் துணியைக் கழற்றித் துடைத்தார். பிறகு இன்னொரு சுற்றுக் கூட்டி இரண்டாம் தடவை அனுப்பினார். அதற்குப் பதிலே வரவில்லை. பதிலுக்குப் பதில் சனிக்கிழமை பின்னேரம் மூன்று பேரும் பஸ் பிடித்து நேரிலேயே வந்துவிட்டார்கள். இராசையா தப்பையும் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

அஸீஸ் பாட்டைப் போட்டார். முதல் அடி விழுந்ததும் இராசையாவின் தோள் ஒருமுறை குலுங்கியது. விஜயலெட்சுமி முந்தானையை இழுத்துக் காதோடு பிடித்துக்கொண்டாள். நிஷாந்த் தரையைப் பார்த்தான். பெரிய மனுஷன் மனம் நோகக் கூடாது என்கிற மரியாதையில் பாட்டு முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு மூவரும் இருந்தார்கள்.

எப்படி என்று அஸீஸ் கேட்டார். கடைசியில் விஜயலெட்சுமிதான் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க நானா. சோத்துல கல்லு கடிபடுற மாதிரி இருக்கு."

"தப்பு தகரமாயிருச்சுங்க" என்றார் இராசையா.

மைக் பற்றி, ஸ்பீக்கர் பற்றி, அந்த மண்டபத்தின் தகரக் கூரை பற்றி அஸீஸ் ஒரு விளக்கம் கொடுத்தார். இராசையா பொறுமையாகக் கேட்டார். இவருக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, அடித்தே காட்டிவிடலாம் என்று சாக்கை அவிழ்த்தார். அன்றைக்குப் பதுளையில் மழை. தோல் தொய்ந்து கிடந்தது. காய்ச்சாமல் தப்பைத் தொடுகிற வழக்கம் அவருக்கு இல்லை. நேரே கீழே இறங்கிப் போய் ஜுனைதீனின் ரொட்டி அடுப்பில் பிடித்துத் தப்பைக் காய்ச்சினார். ரொட்டி போடுகிற இடத்தில் மாட்டுத்தோலா என்று ஜுனைதீன் போட்ட சத்தம் மேல்மாடிவரை வந்தது. கொத்து ரொட்டிக்கு நீ போடுவது மாட்டிறைச்சி இல்லாமல் வாழைத்தோலா என்று இராசையா கேட்டதும் கடையில் இருந்தவர்கள் சிரித்ததும் வந்தது. தோல் விண்ணென்று இழுபட்டதும் மேலே வந்து, அஸீஸுக்கு நேர் எதிரே, இரண்டு முழ தூரத்தில் நின்று அடித்தார்.

அந்த இடத்தில்தான் அது நடந்தது. இராசையா முழு வேகத்தில் அடிக்கும்போது அஸீஸுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிறகு இராசையா, தான் சொல்ல வந்ததை விளக்கமாகக் காட்ட வேண்டும் என்று வலது கையை நிறுத்திவிட்டு, இடது கைக் குச்சியால் மட்டும் மெதுவாகத் தட்டினார். மூங்கில் ஈர்க்கு மாதிரி நீளமான மெல்லிய குச்சி. அது தோலில் படுவதை அஸீஸ் பார்த்தார். படபடவென்று பட்டது. குச்சியின் நுனி துடிப்பது தெரிந்தது. சத்தம் வரவில்லை. துணியில் யாரோ நகத்தால் கீறுவது போல எங்கோ ஒன்று, அவ்வளவுதான்.

"இந்தச் சத்தந்தாங்க" என்றார் இராசையா. "இது இப்படித்தானே இருக்கு. பூ மாதிரி. நீங்க செஞ்சதுல இது ஆணி மாதிரி குத்துது."

விஜயலெட்சுமி தலையை ஆட்டினாள். நிஷாந்தும் ஆட்டினான். அவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கிறது. அஸீஸும் தலையை ஆட்டினார். போயாவுக்குள் முடித்துக் கொண்டுவருவதாகச் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தார். படியில் இறங்கும்போது இனி இந்தப் பாட்டு எங்கே போகும் என்று அவர்கள் பேசிக்கொண்டது அவருக்குக் கேட்டது. பேச்சுக் குரல் மாதிரிக் கனமான சத்தங்களெல்லாம் நன்றாகத்தான் கேட்டன. அதுதான் இத்தனை காலம் அவரை ஏமாற்றியது.

கதவைச் சாத்திவிட்டு, ஸ்பீக்கர் சோதிக்க வைத்திருந்த ஒற்றைச் சத்தத்தைப் போட்டார். அடிமட்டத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிற விசில் அது. திரையில் பச்சைக் கோடு அதன் அளவைக் காட்டும். ஏறியது. குழல் போல ஏறியது, பிறகு நுளம்பின் ரீங்காரம் போல மெலிந்தது, பிறகு நின்றுவிட்டது. பச்சைக் கோடு நிற்கவில்லை. முழு உயரத்தில் அப்படியே இருந்தது. வயர் கழன்றிருக்கும் என்று ஸ்பீக்கருக்குப் பின்னால் போய்ப் பார்த்தார். சத்தத்தை இன்னும் கூட்டினார். ஒன்றும் இல்லை. ஸ்பீக்கரில் காதை வைத்தார்.

கதவு திறந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஜுனைதீன் நின்றான்.

"நானா, அந்த விசில நிப்பாட்டுங்க. கடையில ஒரு மனுசன் இருக்க ஏலாம ஈக்கி."

அஸீஸ் நிறுத்தினார். நிறுத்தினார் என்பது ஜுனைதீன் கையை எடுத்ததில்தான் அவருக்குத் தெரிந்தது. என்ன வேலை இது, நாயெல்லாம் ஊளையிடுது என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் இறங்கிப்போனான்.

ஐம்பத்தேழு வயது. ஸ்டுடியோ போடுவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் தேர்தல் கூட்டம், கோவில் திருவிழா, மீலாத் விழா என்று ஒலிபெருக்கி கட்டியவர். குழாயின் வாய்க்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியவர். அப்போதே தொடங்கியிருக்கும். அன்றைக்கு அவருக்கு வந்தது பயம். மற்ற உணர்ச்சிகளெல்லாம் பிறகுதான் வந்தன. சமையல்காரனுக்கு நாக்குச் செத்தது மாதிரி, இனி என்ன செய்வது என்கிற பச்சைப் பயம்.

பயம் கொஞ்சம் தெளிந்ததும் ஒரு கேள்வி வந்தது. இது நேற்று வந்த நோய் இல்லை என்றால், ஊர் மெச்சிய அந்தப் பழைய பாட்டுகளை எந்தக் காதால் செய்தேன்?

பழைய வேலைகளைக் கணினியில் ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒவ்வொரு நாள் வேலையும் படிப்படியாகப் பதிவாகி இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே கதை. முதல் நாள் மேல் சத்தம் மலை போல உயர்ந்திருக்கும். கடைசி நாள் அது இறங்கி இருக்கும். இறக்கியது அவர் கைதான். ஆனால் இறக்கச் சொன்னது அவர் காது இல்லை. ஸைனப் தேத்தண்ணியோடு வந்து அந்தக் கதவடியில், திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "கூசுது" என்பாள். அவர் எரிச்சலோடு கொஞ்சம் இறக்குவார். "இன்னம் கூசுது" என்பாள். இன்னும் இறக்குவார். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனால் வேலை முடிந்தது என்று அர்த்தம். பெண்டாட்டியின் நச்சரிப்பு என்றே அவர் அதை வைத்திருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். காதும் தெரியாது போலிருக்கிறது.

அவளை நிறுத்தியதும் அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பண்டாரவளைக்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது, அவள் வழக்கம்போல அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாள். வந்தவர்கள் முன்னால் அவருக்கு மானம் போய்விட்டது. தேத்தண்ணிய வச்சிட்டுப் போ, பாட்டப் பத்தி உனக்கு என்ன வெளங்கும் என்றார். வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். ஸைனப் தட்டத்தை வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதவைத் தாண்டவில்லை, கொஞ்ச நாளில் பிள்ளைப்பேறு என்று மொனராகலைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவர் செய்த ஒரு பாட்டும் ஊரில் நிற்கவில்லை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க அவருக்கு இந்தச் சனிக்கிழமை வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு பசறை வழியாகப் போகிற மொனராகலை பஸ்ஸில் ஏறினார். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். என் காது போய்விட்டது, நீ சொன்னதெல்லாம் சரி, அன்றைக்கு நான் பேசியது பெரிய பிழை. மூன்றே வசனம். மலை இறங்கி வெயில் ஏற ஏற மூன்று இரண்டானது. மொனராகலையில் இறங்கிப் பேரப்பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கும்போது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

வீட்டில் அவர் சொன்னது பேரப்பிள்ளை ஜிப்னாவைப் பார்க்க வந்தேன் என்பதுதான். ஜிப்னா அவரைக் கண்டு அழுதது. ஷாகிரா, வாப்பா மெலிஞ்சிட்டீங்க என்றாள். ஸைனப் பின்கட்டில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எழும்பி வந்து, பையில் மடிக்கணினியைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி ஊற்றினாள். சாப்பிட்டு முடிந்து ஷாகிரா பிள்ளையைத் தூங்கவைக்கப் போன பிறகு, சும்மா ஒரு பாட்டு ஈக்கி, கேட்டுப் பாரேன் என்று அஸீஸ் மேசையில் கணினியைத் திறந்தார். சும்மா என்பதை இரண்டு தடவை சொன்னார்.

ஸைனப் முக்காட்டுக்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். முதல் வரியிலேயே முகம் சுருங்கியது. இரண்டு வருஷம் பூட்டி வைத்த வார்த்தை. அவரை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"கூசுது."

அவர் இறக்கினார். அவருக்கு ஒரு ஜன்னல் சாத்திக்கொண்டது.

"இன்னம்."

இன்னொரு ஜன்னல் சாத்திக்கொண்டது. அந்தப் பொம்புள ஸ சொல்ற இடத்துல பல்லு கூசுது என்றாள், அதை இறக்கினார். மேளம் தகரம் மாதிரி ஈக்கி என்றாள், அதையும் இறக்கினார். ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தில் அவள் கேட்க, மற்றப் பக்கத்தை அவர் வாங்கிக் கேட்டார். அவள் முகம் தெளியத் தெளிய அவருக்குப் பாட்டு போர்வைக்குள் போய்க்கொண்டிருந்தது. கடைசித் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுதாகக் கேட்டாள், ஒன்றும் சொல்லவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். பாவம் அந்தப் புள்ள, அவளத் தனிய விட்டுட்டுப் போனது ஆரு என்று கேட்டாள். அவர் இரண்டு வாரமாக அந்தப் பாட்டோடு கிடந்தவர், அதில் ஒருத்தி தனியாக நிற்கிறாள் என்பதை ஒருமுறைகூட நினைத்துப் பார்த்ததில்லை.

"நீங்க ஏதாவது செல்லணுமா?" என்று ஸைனப் கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். பிள்ளை தூங்கிவிட்டது, ஷாகிரா அடுப்படியில். அதைவிட நல்ல நேரம் ஒரு மனுஷனுக்கு அமையாது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற சாதி அவர். இல்ல, என்ன செல்ல ஈக்கி, பஸ்ஸுக்கு நேரமாகுது என்றார். ஸைனப் மேலே கேட்கவில்லை. பலாக்கொட்டைக் கறியை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். வா என்று அவர் கூப்பிடவில்லை, வருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. மூன்றரை மணி பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, தன்னையே திட்டிக்கொண்டு பதுளைக்குத் திரும்பினார்.

போயா தினத்தன்று பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். லீவு நாள், லயத்து வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் பிள்ளைக் காம்பராவில் கூடியிருந்தார்கள். வெளியே பனி இறங்கி எதிர் மலை தெரியவில்லை. விஜயலெட்சுமி முன்னால் உட்காராமல் கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். அஸீஸ் ஒரு கணம் தடுமாறினார். இன்னும் நேரம் இருக்கிறது, மேல் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிவிடலாம் என்று விரல் ஆசைப்பட்டது. அவர் காதுக்கு அது மழுங்கிய, செத்த பாட்டு. ஸைனப் சொன்னதை நம்புவதா, தன் காதை நம்புவதா? கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, போடு தம்பி என்று நிஷாந்திடம் சொன்னார்.

பாட்டு தொடங்கியது. அஸீஸ் பாட்டைக் கேட்கவில்லை, முகங்களைப் பார்த்தார். இராசையா முதல் அடியில் நிமிர்ந்தார். இரண்டாம் வரியில் அவருடைய இடது கை தொடையில் தானாகத் தட்டத் தொடங்கியது, மெல்லிசாக, விரல் நுனியால். வயசான ஒரு கொழுந்துக்காரி சுற்றிப் பார்த்தாள், பாடுகிறவள் எங்கே நிற்கிறாள் என்று தேடுகிறாள் போல. பேர் கூப்பிடுகிற வரி வந்ததும் பேச்சுச் சத்தம் முழுதாக நின்றது. கதவடியில் விஜயலெட்சுமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் ஆடியது. புருஷன் போய் மூன்று வருஷம் என்று யாரோ பக்கத்தில் சொன்னார்கள்.

முடிந்ததும் யாரும் உடனே கை தட்டவில்லை. திரும்பப் போடச் சொன்னார்கள். இராசையா அஸீஸின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதாங்க நானா. பனியில காய்ச்சி அடிச்ச மாதிரியே இருக்கு. என்னா காது நானா உங்களுக்கு."

அஸீஸ் சிரித்து வைத்தார். பாட்டு இரண்டாம் தடவை போனது, மூன்றாம் தடவை போனது. அத்தனை பேரும் ஒரு பாட்டுக்குள் இருந்தார்கள். அவருக்கு அது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பாடுவது போலத்தான் கேட்டது. அவர் செய்ததிலேயே நல்ல பாட்டு அதுதான், அதைக் கேட்கும் பாக்கியம் அந்த மண்டபத்தில் அவர் ஒருவருக்குத்தான் இல்லை. மனைவி போன வீட்டில் இரண்டு வருஷம் தனியாக இருந்தபோதும் இவ்வளவு தனிமை அவருக்கு வந்ததில்லை.

யாருக்கும் தெரியாமல் வெளியே வந்து, தேயிலைப் பாதையில் கொஞ்ச தூரம் நடந்தார். சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று ஸைனபுக்கு அழைத்தார்.

பாட்டு எப்படி என்று அவள்தான் முதலில் கேட்டாள். எல்லாருக்கும் புடிச்சிட்டு, அந்தப் புள்ள அழுதிட்டு என்று சொன்னார். அல்ஹம்துலில்லாஹ் என்றாள். இனி மாத்திரை, கேஸ் என்று பேச்சுப் போகும், போய் முடிந்துவிடும். அதற்கு முன்னால் அஸீஸ் சொன்னார்.

"எனக்குக் கேக்கல்ல, ஸைனப்."

லைன் போய்விட்டதோ என்று ஃபோனைப் பார்த்தார், போகவில்லை. திரும்பக் காதில் வைத்தார்.

"எனக்கு மேல் சத்தம் ஒண்டும் கேக்குதில்ல. கன காலமா கேக்குதில்ல போல. எல்லாரும் கேட்டாங்க. நான் பாத்துக்கொண்டு நின்டேன்."

"தெரியும்" என்றாள் ஸைனப். "ஷாகிராட கலியாணத்துக்கு முந்தியே தெரியும்."

"ஏன் செல்லல்ல?"

"செல்லியிருந்தா அண்டைக்கே ஸ்டுடியோவப் பூட்டியிருப்பீங்க. பூட்டிட்டு என்ன செய்வீங்க, வேற என்ன தெரியும் உங்களுக்கு."

அன்றைக்கு அந்த ஆக்களுக்கு முன்னால் நான் பேசியது, என்று தொடங்கினார். மேலே போக முடியவில்லை. விட்ட வசனத்தை முடிக்கச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை, அவருக்காகத் தானே முடித்து வைக்கவும் இல்லை. அவள் மூச்சு விடுவது மட்டும் தெரிந்தது. பாட்டில் வெட்டாமல் விட்ட மூச்சுகள் மாதிரி அதையும் அவர் பேசாமல் கேட்டுக்கொண்டு நின்றார். மண்டபத்தில் பாட்டு நான்காம் தடவை தொடங்கியது.

"இப்ப எங்க நிக்கிறீங்க?" என்று ஸைனப் கேட்டாள்.

"தோட்டத்துல. ரோட்டுல."

"பனியா?"

"ஓம். நல்ல பனி."

"லேஞ்சி ஈக்கா? காதச் சுத்திக் கட்டிக்கொண்டு போங்க."

அஸீஸ் கால்சட்டைப் பையில் கைக்குட்டையைத் தேடி எடுத்தார். ஒரு கையால் அதைக் கட்ட முடியாது. கட்டுவதற்கு ஃபோனை வைக்க வேண்டும். வைக்க மனம் வராமல், அந்தப் பனியில் அப்படியே நின்றார்.